ஒளியை நம்புவதும் விலையை நம்புவதும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அடுகோடி என்னும் பகுதி உள்ளது. அங்கே இரண்டு பழைய வளாகங்கள் இருக்கின்றன. ஒன்று, 1923-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கப்பட்ட பால்வள ஆராய்ச்சி நிலையம். மற்றொன்று, 'மைக்கோ' என்ற பெயரால் இரண்டு தலைமுறைத் தொழிலாளர்கள் அறிந்த தொழிற்சாலை. 1951-இல் நிறுவப்பட்ட அந்நிறுவனம் டீசல் எஞ்சினுக்கு எரிபொருளைச் செலுத்தும் கருவிகளையும் ஸ்பார்க் பிளக்குகளையும் உற்பத்தி செய்து பெயர்பெற்றது. 2008 முதல் பாஷ் என்னும் பெயரில் இயங்கிவருகிறது. இயந்திரங்களின் ஓசை நிறைந்திருந்த அவ்வளாகம் இன்று பொறியாளர்கள் கணினியின் முன் அமர்ந்து பணிபுரியும் இடமாக மாறிவிட்டது. புதுப்பிக்கப்பட்ட வளாகம் 2022 ஜூன் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது.

ஒரு வளாகத்தில் கன்றுகள் கறவைப் பசுக்களாக வளர்ந்தன. மற்றதில் எஃகு, மயிரிழையினும் நுண்ணிய அளவுக்குத் தேய்த்துப் பக்குவப்படுத்தப்பட்டது. இரண்டிலும் அவசரத்துக்கு இடமில்லை. கன்றை அதட்டினால் பால் சுரக்காது. எஃகைத் திட்டினால் வழுவழுப்பாகாது.

அந்த அடுகோடியில் ஒரு வாடகை அறையில் தங்கியிருக்கும் இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்து பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவன்; மென்பொருள் நிறுவனத்தில் பணி. தந்தை நான்கு கறவை மாடுகளை வைத்துப் பால் ஊற்றியே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். காலையில் கண்விழித்ததும் இளைஞனின் கை செல்பேசியைத்தான் நாடுகிறது. அயல்நாட்டில் ஒளிச்சில்லு தயாரிக்க முயலும் ஒரு சிறு நிறுவனத்தின் பங்குகளை அவன் வாங்கியிருக்கிறான். அவன் உறங்கும் நேரத்தில் அங்கே சந்தை நடக்கிறது. விலை ஏறியிருந்தால் அன்றைய பொழுது இனிக்கிறது. இறங்கியிருந்தால் காலைச் சிற்றுண்டியும் கசக்கிறது. இருக்கும் சேமிப்பெல்லாம் போட்டாகிவிட்டது. இப்போது தங்கையின் திருமணத்துக்காகத் தந்தை சேர்த்துவைத்துள்ள நான்கு லட்ச ரூபாயையும் கேட்கிறான். தொலைபேசியில் தந்தை வினவுகிறார்:

"அந்தக் கம்பெனி என்ன பொருள் செய்கிறது, தம்பி?"

"வெளிச்சத்தால் ஓடும் சில்லு, அப்பா. இனிமேல் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடும்."

"செய்து விற்கிறார்களா?"

"இன்னும் இல்லை, அப்பா. சீக்கிரமே பெரிய ஆர்டர் வரப்போகிறது என்கிறார்கள்."

"யார் சொல்கிறார்கள்?"

இளைஞனிடம் விடை இல்லை. அவனைப் போலவே பங்கு வாங்கிய வேறு சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கும் வேறு சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

இது பொருளாதாரம் பற்றிய உரையாடல் போலத் தோன்றினும், இதனுள் ஓர் அறக்கேள்வி புதைந்திருக்கிறது. கண்ணால் காணாத ஒன்றின் மீது நம்பிக்கை வைத்துப் பொருளை ஈடுபடுத்துவது முயற்சியா, சூதா? இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே இருக்கிறது?

ஒளிச்சில்லு உருவாகும் விதம்

முதலில் இளைஞன் நம்பியிருக்கும் பொருளை அறிந்துகொள்வது முறையாகும். அது பொய்யான பொருள் அன்று. கணினியின் உள்ளே தகவல்கள் மின்சாரத்தின் வழியாகச் செல்கின்றன. தகவலின் அளவும் வேகமும் கூடக் கூடச் செம்புக் கம்பிகள் சூடேறுகின்றன, மின்சாரம் வீணாகிறது. ஒளியிழையிலோ தகவல் பல கிலோமீட்டர் தூரம் மிகக் குறைந்த இழப்புடன் செல்கிறது. நாடுகளைக் கடலடியில் இணைப்பது இந்த ஒளிதான். அந்த ஒளியைச் சில்லின் உள்ளேயே கொண்டுவந்துவிட்டால் எவ்வளவு நன்று என்பதே ஒளிச்சில்லின் அடிப்படை எண்ணம். சென்னை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் இத்துறையில் ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன.

ஆனால் எண்ணம் எளிது, செயல் அரிது. சில்லுக்கு அடிப்படையான சிலிக்கான், ஒளியை உமிழ்வதில் மிகவும் மந்தமானது. ஆகவே லேசர் ஒளியை இண்டியம் பாஸ்பைடு போன்ற வேறொரு பொருளில் உண்டாக்கிச் சிலிக்கானோடு இணைக்கவேண்டும். ஒளியிழையின் நடுவில் ஒளி செல்லும் பாதை சுமார் 10 மைக்ரான் அகலம். சில்லில் உள்ள பாதையோ ஏறத்தாழ அரை மைக்ரான். ஒன்றின் முனையை மற்றதன் முனையோடு ஒளி சிந்தாமல் பொருத்தவேண்டும். பொருத்திய பின்னர், 85 டிகிரி வெப்பத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் வைத்துச் சோதிக்கவேண்டும். அதற்கும் பிறகே வாங்குபவர் தம் கருவியில் வைத்துப் பார்ப்பார். அவர் சரி என்று சொல்வதற்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம்.

இன்டெல் போன்ற பேராற்றல் படைத்த நிறுவனமே 2004-இல் சிலிக்கானைக் கொண்டு ஒளியை மிக விரைவாகக் கட்டுப்படுத்தும் கருவியை உலகுக்கு அறிவித்தது. 2006-இல் சிலிக்கானோடு இணைந்த லேசரைக் காட்டியது. எனினும் அதன் ஒளிச்சில்லுப் பொருள் வணிகத்துக்கு வந்தது 2016-இல்தான். அறிவிப்புக்கும் அங்காடிக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்! பணமும் ஆளும் குறைவின்றி இருந்தும் இத்தனை காலம் தேவைப்பட்டது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், திருச்சிராப்பள்ளியில் பிறந்து பெங்களூரில் வாழ்வின் பிற்பகுதியைக் கழித்த சர் சி.வி. ராமன் 1928-இல் ஒளிச்சிதறலின் புதிய விளைவைக் கண்டறிந்தார். அந்த விளைவைப் பயன்படுத்தி ஒளியிழையில் தளரும் ஒளியை மீண்டும் பெருக்கும் கருவிகள் பரவலான வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான். இடையில் எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. இயற்கையின் உண்மைகள் மனிதனின் அவசரத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

ஒரு சிறு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இன்று நடப்பது என்ன என்பதை வெளியில் இருப்பவர் அறிய இயலாது. உள்ளே இருப்பவர்க்கும் பல வேளைகளில் அது முழுமையாகத் தெரியாது. அறிவு இல்லாத அந்த வெற்றிடத்தை ஊகம் வந்து நிரப்புகிறது. நிர்வாகி ஒருவர் ஒரு மாநாட்டுக்குச் சென்றால், ஒப்பந்தம் வந்துவிட்டது என்று பொருள் கொள்கிறார்கள். அவர் செல்லாமல் இருந்தால், ஒப்பந்தத்தை இரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பொருள் கொள்கிறார்கள். எது நடந்தாலும் நம்பிக்கைக்கே சான்றாக மாறிவிடுகிறது. எந்த நிகழ்ச்சியாலும் பொய்யாக்க முடியாத நம்பிக்கை அறிவாகாது. அது விருப்பத்தின் மறுவடிவம்.

ஒரு நிறுவனத்தின் வரலாறு

இத்தகைய நம்பிக்கையின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் காட்டும் உண்மை வரலாறு ஒன்று உண்டு. கர்நாடகத்தின் ஹுப்பள்ளியைச் சேர்ந்த குருராஜ் தேஷ்பாண்டே சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். அமெரிக்கா சென்று தொழில் நிறுவனங்களைத் தொடங்கி வெற்றி கண்டவர். 1998-இல் அவர் வேறு சிலருடன் இணைந்து சைக்கமோர் நெட்வொர்க்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒளியிழை வலையமைப்புகளை அறிவுக்கூர்மையுடன் இயக்கும் கருவிகளைச் செய்வது அதன் நோக்கம்.

1999 அக்டோபர் 22-இல் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு வந்தன. பங்கு ஒன்றின் வெளியீட்டு விலை 38 டாலர். அன்று மாலை சந்தை முடிந்தபோது விலை 184 டாலரைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூலை வரையிலான நிதியாண்டில் நிறுவனம் விற்றிருந்த பொருளின் மதிப்பு சுமார் 1.1 கோடி டாலர்தான். அதுவும் ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு. முதல் நாள் முடிவில் சந்தை அந்நிறுவனத்துக்கு இட்ட மதிப்போ சுமார் 1,400 கோடி டாலர். 2000 மார்ச் மாதத்தில் அது 4,000 கோடி டாலரையும் கடந்தது.

பின்னர் நிகழ்ந்தது உலகறிந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கடன் வாங்கித் தேவைக்கு மேல் ஒளியிழைகளைப் பதித்துவிட்டன. கடனைத் திருப்ப இயலாமல் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. சைக்கமோரின் முதல் வாடிக்கையாளரான வில்லியம்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2002 ஏப்ரலில் திவால் அறிவித்தது. 2001 நிதியாண்டில் 37 கோடி டாலரைத் தாண்டியிருந்த சைக்கமோரின் விற்பனை, அடுத்த நிதியாண்டில் 7 கோடி டாலருக்கும் கீழே சரிந்தது. 2000 மார்ச்சில் 190 டாலருக்கு மேல் விற்ற பங்கு 2002-இல் 3 டாலருக்கும் கீழே இறங்கியது. 2013-இல் பங்குதாரர்களின் ஒப்புதலோடு நிறுவனம் கலைக்கப்பட்டது. அதன் முதன்மைத் தொழில் 2 கோடி டாலருக்கும் குறைவான விலைக்கு விற்கப்பட்டது.

இதில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்தப் பொறியாளர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அவர்கள் செய்த கருவிகள் வேலை செய்தன. ஒளிதான் எதிர்காலம் என்று அவர்கள் சொன்னதும் உண்மையாயிற்று. அக்காலத்தில் பதிக்கப்பட்ட ஒளியிழைகள் பின்னாளில் இணையத்தைச் சுமந்தன. ஒளி பொய்க்கவில்லை, விலைதான் பொய்த்தது. ஒன்று உண்மையாக இருக்கிறது என்பதனால், அதற்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் தகும் என்று ஆகிவிடாது.

விலை எதைச் சொல்கிறது?

தேஷ்பாண்டேயின் ஆதரவோடு 2000-ஆம் ஆண்டில் பெங்களூரில் தேஜஸ் நெட்வொர்க்ஸ் என்னும் நிறுவனம் தோன்றியது. இதுவும் ஒளியிழை வலையமைப்புக்கான கருவிகளையே செய்கிறது. அடுகோடியைக் கடந்து செல்லும் அதே ஓசூர் சாலையின் மறுகோடியில், எலெக்ட்ரானிக் சிட்டியில் அதன் தலைமையகம் உள்ளது. பதினேழு ஆண்டுகள் உழைத்த பிறகு, 2017 ஜூன் மாதத்தில் அது 257 ரூபாய் விலையில் பங்குகளை வெளியிட்டது. 2020 மார்ச்சில், கொள்ளைநோய்க் காலத்தில், பங்கு 30 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தது. 2021-இல் டாட்டா குழுமம் அதன் பெரும்பங்கை ஏற்க முன்வந்தது. 2024 ஜூனில் விலை 1,400 ரூபாயைத் தாண்டியது. 2025 முடிவில் 600 ரூபாய்க்கும் கீழே இருந்தது.

நான்கு ஆண்டுகளில் 30 ரூபாய் 1,400 ஆயிற்று. அந்த நான்கு ஆண்டுகளில் பொறியாளர்களின் திறமை நாற்பது மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டதா? அடுத்த ஒன்றரை ஆண்டில் அதில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டதா? நிறுவனத்துக்குப் பெரிய ஒப்பந்தங்கள் வந்தது உண்மை. பின்னர் அவை குறைந்ததும் உண்மை. ஆயினும் விலை ஆடிய ஆட்டம் உழைப்பின் ஏற்ற இறக்கத்தைவிடப் பன்மடங்கு பெரிது. விலை என்பது செய்யப்படும் பொருளைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. அப்பொருளைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மற்றவர்கள் நினைப்பதைப் பற்றிய செய்தியும் ஆகும். பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1936-லேயே இதனைச் சுட்டிக்காட்டினார்.

அறிவுத்திறன் இருந்தால் இந்தச் சுழலில் சிக்காமல் தப்பலாம் என்றும் சொல்வதற்கில்லை. முப்பட்டகத்தின் வழியாக வெண்ணொளியைப் பல நிறங்களாகப் பிரித்துக் காட்டியவர் ஐசக் நியூட்டன். அந்த மேதையே 1720-இல் லண்டனில் தென்கடல் நிறுவனத்தின் பங்குகளில் முதலில் இலாபம் ஈட்டி விலகினார். விலை மேலும் ஏறுவதைக் கண்டு மனம் பொறாமல் மீண்டும் வாங்கிப் பெருந்தொகையை இழந்தார். ஒளியின் உள்ளே இருந்த நிறங்களைக் கண்ட கண்ணுக்குத் தன் உள்ளத்தில் எழுந்த ஆசையின் நிறம் தெரியாமற்போயிற்று. நோய் அறிவில் இல்லை. ஆகவே மருந்தும் அறிவில் மட்டும் இருக்க இயலாது.

துணிவா, சூதா?

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நேர்மையான மறுப்பு. 'பலன் உறுதியாகத் தெரிந்த பின்னர்தான் பணம் போடவேண்டும் என்றால், உலகில் எந்தப் புதிய பொருளும் பிறக்காது. ஒளிச்சில்லை உருவாக்கும் பொறியாளருக்கு ஊதியம் யார் கொடுப்பது? துணிந்து முதலிடுபவன் இல்லாவிட்டால் ஆராய்ச்சியே நின்றுவிடும் அல்லவா?'

இது மறுக்க முடியாத உண்மை. விதையை மண்ணில் இடும் உழவனும் மழையை முன்கூட்டி அறிவதில்லை. சைக்கமோரில் மக்கள் போட்ட பணத்தில் ஒரு பகுதி பொறியாளர்களின் ஆய்வுக்குச் சென்றது. அத்தொழில்முனைவோர் ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதி, ஹுப்பள்ளி வட்டாரத்தில் சமூகப் பணிகளைச் செய்யும் அறக்கட்டளையாக மலர்ந்தது. ஆகவே நிச்சயமின்மையை ஏற்பதே குற்றம் என்று கூறிவிட முடியாது.

ஆயினும் உழவனுக்கும் சூதாடிக்கும் வேறுபாடு உண்டு. உழவன் விதைத்த பின் வயலில் நிற்கிறான், களை எடுக்கிறான், மழை பொய்த்தால் அடுத்த பருவத்துக்கு ஆயத்தமாகிறான். விளைச்சல் அவனுடைய உழைப்பும் இயற்கையின் அருளும் கலந்தது. நிறுவனத்தின் பங்கை முதன்முதலில் வாங்கி அதன் ஆய்வுக்குப் பணம் தருபவனும், பல ஆண்டுகள் பொறுத்திருந்து அதன் வளர்ச்சியில் பங்கு கொள்பவனும் இந்த உழவனுக்கு நெருங்கியவர்கள். ஆனால் சந்தையில் ஒருவரிடமிருந்து மற்றொருவர் பங்கை வாங்கும்போது, அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட ஆய்வுக்கூடத்துக்குப் போவதில்லை. அது விற்றவரின் பைக்குத்தான் போகிறது. 'அறிவியலுக்கு உதவுகிறேன்' என்று இளைஞன் தன் மனத்துக்குச் சொல்லும் சமாதானம் பெரும்பாலும் மெய்யன்று.

தான் எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்பதை ஒருவன் ஓர் எளிய கேள்வியால் அறிந்துகொள்ளலாம். 'அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு விலையைப் பார்க்கவே கூடாது. ஆனால் நிறுவனம் என்ன செய்கிறது என்பதை மட்டும் ஆண்டுதோறும் படிக்கலாம்' என்று ஒரு நிபந்தனை விதிக்கப்பட்டால், அப்போதும் அவன் அந்தப் பங்கை வாங்குவானா? வாங்குவான் என்றால் அவன் ஒளியை நம்புகிறான். மாட்டான் என்றால் அவன் விலையை நம்புகிறான்.

திருக்குறளில் 'சூது' என்னும் அதிகாரம் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் வைக்கப்பட்டுள்ளது. தோற்பவனுக்கு மட்டுமல்லாமல் வெல்பவனுக்கும் அந்த அதிகாரம் எச்சரிக்கை விடுக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. தோற்றவன் பொருளை இழக்கிறான்; வென்றவனோ அடுத்த ஆட்டத்தை மறுக்கும் ஆற்றலை இழக்கிறான்.

பற்று அறிவை மறைக்கும்

பொருள் இழப்பைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அது உண்மையைக் காணும் ஆற்றலின் இழப்பு.

பங்கு வாங்குவதற்கு முன் அந்த இளைஞன் நல்ல மாணவனாக இருந்தான். ஒளிச்சில்லைப் பற்றி ஆர்வத்தோடு படித்தான்; அதன் நிறைகளையும் குறைகளையும் ஒருசேர எடைபோட்டான். வாங்கிய மறுநாள் முதல் அவன் வழக்கறிஞனாகிவிட்டான். நிறுவனத்துக்கு ஆதரவான செய்திகளை மட்டுமே தேடுகிறான். குறை சொல்பவர் அவனுக்குப் பகைவராகத் தெரிகிறார். 'இந்த ஆண்டும் விற்பனை தொடங்கவில்லையே' என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்விக்கு விடை தேடுவதை விட்டுவிட்டு, கேட்டவரின் உள்நோக்கத்தை ஆராய்கிறான். ஒரு பொருளின் மேல் பற்று வைத்த கணத்திலிருந்து, அப்பொருளைப் பற்றிய உண்மை அவனுக்கு அச்சம் தருவதாக மாறிவிடுகிறது.

ஆன்றோர் பற்றை விலக்கச் சொன்னது உலகத்தை வெறுப்பதற்காக அன்று. உலகத்தை உள்ளபடி காண்பதற்காகவே. கலங்கிய நீரில் அடித்தளம் தெரிவதில்லை. ஆசையால் கலங்கிய மனத்தில் பொருளின் இயல்பு தெரிவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உண்மையான விஞ்ஞானி தன் கருத்துக்கு எதிரான முடிவு வந்தால் அதனை முதலில் எழுதிவைக்கிறான். அந்த நேர்மை ஒரு தவம். சந்தையில் அமர்ந்திருக்கும் மனம் இத்தவத்துக்கு நேரெதிரான பழக்கத்தை நாள்தோறும் பயில்கிறது.

பலனில் பற்று வையாமல் செயல் புரிவதைக் கர்மயோகம் என்கிறோம். ஒளியிழையின் முனையைச் சில்லின் முனையோடு பொருத்த நள்ளிரவுவரை கண் விழிக்கும் பொறியாளர், தம் பொருள் விற்குமா என்று அறியாமலே அதைச் செம்மையாகச் செய்கிறார் என்றால், அவர் தம்மை அறியாமலே அந்த யோகத்தை நெருங்குகிறார். செயல் எதுவும் புரியாமல் பலனில் மட்டும் பற்று வைப்பதற்கு என்ன பெயர்? அது யோகத்தைத் தலைகீழாக நிறுத்தியது போன்றது. அதனால்தான் அது மனத்துக்கு ஓய்வே தருவதில்லை.

எதைப் பணயம் வைக்கும் உரிமை உண்டு?

இன்னொரு கேள்வி எஞ்சியிருக்கிறது. அது இன்னும் கூர்மையானது. ஒருவன் தன் பொருளை இழந்தால் அது அவன் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் இழப்பு ஒருவனோடு நிற்கிறதா?

அஸ்தினாபுரத்துச் சபையில் தருமபுத்திரர் நாட்டையும் செல்வத்தையும் வைத்து ஆடினார், தம்பியரை வைத்தார், தம்மையே வைத்தார், இறுதியில் திரௌபதியை வைத்தார். அவள் சபையில் எழுப்பிய கேள்வி சட்டத்தின் கேள்வி மட்டும் அன்று. தன்னையே தோற்றுவிட்ட ஒருவருக்கு மற்றொருவரைப் பணயம் வைக்கும் உரிமை உண்டா என்று அவள் வினவினாள். பெரியோர் நிறைந்த அந்தச் சபை தெளிவான விடை தரமாட்டாமல் திகைத்தது. இன்றும் பல வீடுகளில் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே நிற்கிறது. தங்கையின் திருமணத்துக்காகச் சேர்த்த பணம், தாயின் மருத்துவத்துக்காக ஒதுக்கிய பணம், தந்தையின் ஓய்வுக்காலச் சேமிப்பு ஆகியவற்றைப் பணயம் வைப்பவன் தன் துணிவைக் காட்டவில்லை. பிறருடைய அமைதியைச் செலவழிக்கிறான்.

இது மிகைப்படுத்திய அச்சம் அன்று. 2020 மார்ச்சில் இந்தியாவில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2025-இல் 20 கோடியைத் தாண்டின. முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களைப் பற்றி, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அவர்களில் 93 விழுக்காட்டினர் இழப்பையே கண்டனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இந்தத் தொகை எங்கோ ஆகாயத்தில் பிறந்ததன்று. ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு வீட்டின் பெட்டியிலிருந்து வெளியேறியது.

அண்மைய நிகழ்ச்சி ஒன்றும் இதனைத் தெளிவாக்கும். ஆர்.ஆர்.பி. செமிகண்டக்டர் என்று 2024-இல் பெயர் மாற்றிக்கொண்ட ஒரு சிறு நிறுவனத்தின் பங்கு, அந்த ஆண்டு ஏப்ரலில் சுமார் 20 ரூபாயாக இருந்தது. 2025 முடிவதற்குள் 11,000 ரூபாயையும் கடந்தது. சில்லு உற்பத்தியை இன்னும் தொடங்கவே இல்லை என்று அந்நிறுவனமே 2025 நவம்பரில் விளக்கம் அளித்தது. மும்பைப் பங்குச்சந்தை அதன் வணிகத்தை வாரத்துக்கு ஒரு நாளாகக் கட்டுப்படுத்தியது. நிறுவனமே 'செய்யவில்லை' என்று சொல்லும் ஒன்றுக்கு மக்கள் விலை கொடுக்கிறார்கள் என்றால், அவர்கள் வாங்குவது பொருளை அன்று. தங்கள் ஆசையின் எதிரொலியைத்தான்.

ஊகத்தைப் பரப்புபவனுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 'நான் பொய் சொல்லவில்லை. கேட்டதைத்தான் சொன்னேன்' என்பது போதிய விடையாகாது. தான் வைத்திருக்கும் பங்கின் விலை ஏறவேண்டும் என்னும் உள்ளாசையோடு நண்பனிடம் நல்ல செய்தியை மட்டும் சொல்பவன், வாய்மையின் பாதியை மறைத்தவனாகிறான். உறவினர்களும் அலுவலக நண்பர்களும் அவனுடைய சொல்லை நம்பியே தங்கள் பணத்தை எடுக்கிறார்கள். நம்பிக்கை உடையவரிடம் சொல்லும் பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கேடு விளைப்பது. முழுப் பொய்யை அவர்கள் ஒருநாள் கண்டுகொள்வார்கள். பாதி உண்மையோ நெடுங்காலம் மெய்போலவே உலவும்.

மாட்டுக்கொட்டகையின் பாடம்

1927-ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி உடல்நலம் குன்றிப் பெங்களூரில் ஓய்வெடுத்திருந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 58 வயது. நாடே போற்றும் தலைவராக இருந்தும், அவர் அந்தப் பால்வள நிலையத்துக்குச் சென்று மாடு வளர்ப்பையும் பால் பண்ணை முறைகளையும் மாணவரைப் போலக் கற்றார். பசுவைக் காக்கவேண்டும் என்று பேசிய அவர், பசு எப்படி வளர்கிறது, எதை உண்கிறது, எத்தனை ஆண்டில் பால் தருகிறது என்பதை அறியாமல் பேசுவது தகாது என்று கருதினார். தாம் அக்கறை கொண்ட பொருளை அருகில் சென்று அறிந்துகொள்வதே அவருக்கு அக்கறையின் முதல் படியாக இருந்தது.

இளைஞனின் தந்தை அந்த நிலையத்தில் பயின்றவர் அல்லர். எனினும் அதே பாடத்தை அவர் நாற்பது ஆண்டுகள் தம் கொட்டகையில் கற்றிருக்கிறார். கன்று பிறந்து, வளர்ந்து, சினையாகி, ஈன்று, பால் தருவதற்கு மூன்று ஆண்டுகளேனும் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். இடையில் எத்தனை முறை சந்தைக்கு ஓட்டிச் சென்று விலை கேட்டாலும் பால் ஒரு நாள்கூட முன்னதாகச் சுரக்காது என்பதும் தெரியும். அதனால்தான் அவர் விலையைக் கேட்கவில்லை. 'என்ன பொருள் செய்கிறது? செய்து விற்கிறார்களா? யார் சொல்கிறார்கள்?' என்று மூன்று கேள்விகளைக் கேட்டார். முதலாவது, பொருளின் இயல்பைப் பற்றியது. இரண்டாவது, செயலைப் பற்றியது. மூன்றாவது, சான்றைப் பற்றியது. எந்தப் பேரறிஞரும் இவற்றைவிடச் சிறந்த கேள்விகளைக் கேட்டுவிட இயலாது.

இளைஞன் செய்யவேண்டுவது யாது? ஒளியின் மீதுள்ள ஆர்வத்தைக் கைவிட வேண்டியதில்லை. அது போற்றத்தக்க ஆர்வம். அந்த ஆர்வம் உண்மையானால், அவன் அத்துறையைக் கற்கலாம், அதில் உழைக்கலாம், இழந்தாலும் எவரும் கண்ணீர் சிந்தவேண்டாத சிறு தொகையைத் தன் சொந்த உழைப்பிலிருந்து ஒதுக்கிப் பொறுமையுடன் காத்திருக்கலாம். தங்கையின் பணத்தை அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிடவேண்டும். வாங்கிய பங்கைப் பற்றி நண்பர்கள் கேட்டால், ஏறும் என்று சொல்வதற்கு முன் தனக்குத் தெரியாதவற்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கண் விழித்ததும் செல்பேசியை நாடும் கையை முதலில் சில நிமிடங்களுக்கு நிறுத்திப் பழகவேண்டும். அந்தச் சில நிமிடங்களில் மனம் தன்னைத்தானே காணத் தொடங்கும்.

நாளை அந்த நிறுவனம் வெற்றி பெறலாம். பங்கின் விலை பன்மடங்கு ஏறவும் கூடும். அப்போதும் மேலே சொன்னவை பொய்யாகிவிடா. பிறருடைய அமைதியைப் பணயம் வைத்தது தவறு என்றால், ஆட்டத்தில் வென்றதனால் அது சரியாகிவிடுவதில்லை. செயலின் தரம் அதன் முடிவில் இல்லை. அதைச் செய்த வேளையில் மனம் எதைக் கண்டது, எதைக் காண மறுத்தது என்பதில்தான் இருக்கிறது.

அடுகோடியில் பொழுது புலர்கிறது. எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் பெயர் தெரியாத ஒருவர் ஒளியின் நூலிழையைச் சில்லின் வாயிலில் கோக்க மீண்டும் ஒருமுறை முயல்கிறார். கிருஷ்ணகிரிக் கிராமத்தில் ஒரு முதியவர் பால்செம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைகிறார். இருவரும் தத்தம் வேலையைச் செய்கிறார்கள். அந்த இருவருக்கும் நடுவே நின்று செல்பேசியை ஏந்தியிருக்கும் இளைஞன், தன் கைகள் செய்யவேண்டிய வேலை எது என்று கேட்டுக்கொள்வானாயின், அவன் தேடிய ஒளியின் முதற்கதிர் அங்கேயே அவனுக்குக் கிடைத்துவிடும்.